ராஜபார்ட் கனகசபைக்குத் தொண்டை சரியாகவில்லை

என் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு என்னையும் சகித்துக்கொண்ட அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. திவசத்தன்று காக்கைக்குச் சோறு வைத்தோம். வந்து சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போனது. குறை சொல்லாமல் நீ என்றைக்குச் சாப்பிட்டிருக்கிறாய்? வந்தது நீ இல்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

எனக்கு எழுத்து பழக்கமில்லை. ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கிகளில் அரிசி இறக்கிய வெறுஞ்சாக்கை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, மிளகுக்காரனுக்கும் கொப்பரைக்காரனுக்கும் விற்று ஆளானவன் நான். ஆனாலும் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். சிராங்கூன் ரோட்டுப் பயாஸ்கோப் கொட்டகையில் உன்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

நாடகக் கம்பெனியோடு நீ கப்பலில் வந்து இறங்கியபோது இந்த ஊர் உன் தொண்டைக்கு அடிமை. மேடைக்கு வருமுன்பே உள்ளேயிருந்து பாடிக்கொண்டு வருவாய். கடைசி வரிசையில் நிற்கும் மாட்டுக்காரனுக்கும் கேட்கும். ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். என் தங்கை செல்லமும் ஆட்டினாள். கூத்தாடிக்குப் பெண் கிடையாது என்று நான் சொன்னதற்கு, கடை வாசலில் நின்று நீ சிரித்தாயே!

"சாக்கு தைக்கிறவன் தங்கச்சிக்கு ராஜா கெடைச்சிருக்கான் மச்சான். கும்புட்டுக் குடுய்யா."

"சாயங்காலம் மட்டும்தானே நீ ராஜா? காலையில உன் வேட்டியத் தொவைக்கிறது யாரு?"

துவைத்தது செல்லம்தான். கடைசிவரை.

கம்பெனி கலைந்ததும் மதராசுக்குப் போனாய். ஊமைப்படத்தில் ராஜா வேஷம், காட்டில் தொலைந்த மகளைத் தேடி அலைகிற கதை என்று குதித்தாய். உன்னிடம் இருப்பதே தொண்டை ஒன்று, அது வேண்டாத இடத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "மொகம் இருக்குல்ல மச்சான்" என்றாய். முகம் என்னிடமும்தான் இருக்கிறது என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் சொன்னதுதான் நடந்தது. நீ திரும்பி வந்த கொஞ்ச நாளில் படமும் இங்கே வந்து சேர்ந்தது. முதல் காட்சியிலேயே சனங்கள் பெஞ்சைத் தட்டினார்கள். "பாட்டு எங்கடா?" "கனகசபை வாய அடைச்சுட்டீங்களாடா?" கொட்டகை முதலாளி உன்னைத் தேடி ஓடிவந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, படத்தில் உன் வாய் அசையும்போதெல்லாம் நீயே பேச வேண்டும், பாட வேண்டும் என்றார். தன் நிழலுக்குத் தானே பின்பாட்டுப் பாட உலகத்தில் எவனாவது ஒத்துக்கொள்வானா? நீ ஒத்துக்கொண்டாய். சம்மதித்துவிட்டு வந்து, பட்டாபிஷேகம் ஆனவன் மாதிரி திண்டில் சாய்ந்து உட்கார்ந்தாய்.

கூட்டம் நெருக்கியடித்தது. ஒரு பக்கம் விளக்கு எஞ்சின் இரைச்சல், மேலே தகரத்தில் மழை. இரண்டையும் மிஞ்சிக் கத்தினாய். தினமும், ஒரு காட்சி முடிந்ததும் அடுத்தது. இருமலில் சிவப்பு தெரிந்த அன்று நான் வந்து கூப்பிட்டேன்.

"கடைக்கு வந்துடு மாப்ள. நெழல்ல உக்காந்து ஆளுங்களப் பாத்துக்க, போதும்."

"அங்க கைதட்டு கேக்குமா மச்சான்?"

சாக்குக்கு யார் கைதட்டுவார்கள்?

கடைசியில் உன் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த வாரமே முதலாளி வேறொருவனைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். உன் மகள் பங்கஜம் பேச்சுப் பழகியது அந்தச் சமயத்தில்தான். அவளுக்குத் தெரிந்த அப்பா கிசுகிசுக்கிற அப்பா. உன்னிடம் வரும்போது மட்டும் அவளும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அந்த இருமலிலேயே நீ செத்ததைச் செல்லம் அவளிடம் சொல்லவில்லை. அப்பா நாடகக் கம்பெனியோடு கப்பலேறியிருக்கிறார் என்று சொல்லிவைத்தாள். சின்னப்பிள்ளைதானே, மறந்துவிடும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இனி நீ கேட்க வேண்டிய சேதி. முதலாளி வாசலில் உன் படத்துக்கு மாலை போட்டுவைத்து, அந்த ஊமைப்படத்தைத் திரும்பவும் ஓட்டுகிறார். ஒருமுறை உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று செல்லம் பிடிவாதம் பிடித்தாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனோம். காட்டுக் காட்சி வந்தது. நீ கையை நீட்டுகிறாய். திரைக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "மகளே! எங்கேயம்மா இருக்கிறாய்?"

பங்கஜம் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். "அப்பா! இங்கதான் இருக்கேன்!" பிறகு செல்லத்தின் தோளை உலுக்கினாள். "அம்மா, அப்பாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சு!"

கொட்டகை முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் கைதட்டினார்கள் மாப்பிள்ளை. உனக்குக்கூட அப்படித் தட்டியதில்லை.

மறுநாள் காலையில் முதலாளி என் கடையில் சாக்குக் கட்டின்மேல் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பாவ தினம் கூட்டிட்டு வாங்க லா. முன் வரிசையில எடம் போட்டுவைக்கிறேன். நேத்து சனம் எப்படி அழுதுச்சு, பாத்தீங்கல்ல?"

"அப்பன் செத்தது தெரியாமக் கூப்புடுது அந்தப் பிள்ளை."

"அதான்யா அழகு. சொல்லிக்குடுத்தா வராது."

வியாபாரம் எனக்கும் தெரியும். எதையும் விலை பேசுகிறவன்தான் நானும். ஆனால் அந்த மனிதருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். செல்லத்துக்குத்தான் புரியவில்லை.

"போகட்டுமே அண்ணே. தினம் அவரு மொகத்தப் பாப்பா. தொண்டை நல்லாயிருச்சுன்னு எவ்வளவு சந்தோஷமா இருக்கா! அதுல ஒங்களுக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டம் என்னவென்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? இன்றைக்குப் பிள்ளை தெரியாமல் கூப்பிடுகிறாள். நாளைக்கு ஒருநாள் தெரிந்துபோகும். அதற்குள் கைதட்டுப் பழகியிருக்கும். தெரிந்த பிறகும் பெஞ்சில் ஏறி நின்று அப்பா என்பாள், அதே அழுகையோடு. உன்னோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு இதைக்கூட யூகிக்கத் தெரியாதா?

அன்று சாயங்காலம், காட்சிக்கு முன்னால், பங்கஜத்தைக் கையில் பிடித்துத் திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். கிழிந்த பனியனோடு ஒரு மெலிந்த ஆள் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காட்டு வசனத்தைச் சொல்லச் சொன்னேன். சொன்னான். பிள்ளை அவன் வாயையே பார்த்தாள். படம் ஓடவில்லை, நீ எங்கும் இல்லை, குரல் மட்டும் வந்தது.

"மாமா, அப்ப அப்பா?"

"அப்பா கப்பல்ல போகலம்மா. செத்துப்போயிட்டாரு. தொண்டை சரியாகவே இல்ல."

அந்த ஆள் குவளையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். பங்கஜம் அழுதாள். வீடுவரை தோளில் போட்டுத் தூக்கிவந்தேன். உன் பெண்டாட்டி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பிள்ளையிடமிருந்து நான் உன்னைப் பிடுங்கிவிட்டேனாம். இருக்கலாம்.

ஆனால் நேற்று கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மகள் கேட்டாள்: "மாமா, அப்பா செத்தது கொட்டகையில இருந்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் கைதட்டினாங்க?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கைதட்டுக்காகத்தானே நீ செத்தாய்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளைப் படிக்கவைப்பேன். பாட வேண்டுமென்றால் பாடட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் அவள் அழுகையை எவனும் கொட்டகையில் காட்சியாக வைக்க நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். வளர்ந்த பிறகு, நீ அப்பாவைக் கொன்றவன் என்று அவள் என்னைத் திட்டலாம். திட்டட்டும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் ஓர் ஆண்பிள்ளை வேண்டும். நீ இல்லை.

உன் மகளின் தாய்மாமன்,
சாக்குக்கடை முத்தையன்