பீலிக்கு மேலே வெட்டும் குழி

கடுகண்ணாவை,
1932 ஒக்டோபர் 16.

அன்புள்ள மகன் வலன்ரைனுக்கு,

கீழ் லயத்துச் சனங்கள் குடிக்கிற தண்ணீரில் நம் வீட்டு மலத்தைக் கலப்பதற்கு நீ கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாய். இதை எழுதிய பிறகுதான் சுகம் விசாரிக்க எனக்கு மனம் வருகிறது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் தங்கை டொரதியும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மழை தொடங்கியதிலிருந்து என் முழங்கால் வலிதான் விடவில்லை. சிங்கப்பூரில் நீயும் மருமகள் கிறேஸும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் கேட்கிறேன். டொரதி ஆசிரியைப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அண்ணன் நத்தாருக்கு வரும்போது நல்ல பேனா ஒன்று கொண்டுவர வேண்டும் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

குளியலறைக்கு நீ அனுப்பிய சாமான்கள் ஒன்றும் உடையாமல் வந்தன. வெள்ளைத் தொட்டியை ஸ்டேசனிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார்கள். அதன் நாலு காலும் சிங்கத்தின் கால்போல நகத்தோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, தூக்க வந்த மூக்கையா, அதுதான் கீழ் லயத்திலிருந்து வந்து நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பாப்பம்மாவின் புருஷன், ‘கதவ நல்லாப் பூட்டி வைங்கம்மா, ராவுல எறங்கி நடந்துரும்’ என்றான், எல்லோரும் சிரித்தோம். கொத்து வேலைக்கு வந்த கபிரியேல் பாஸின் கைவேலையில் குறை சொல்ல மாட்டேன். கோப்பிக் காலத்துத் துரை வைத்த வளைவு ஜன்னலையும் அதன் கலர்க் கண்ணாடியையும் அப்படியே விட்டு, நிலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து, பித்தளைக் குழாய் பூட்டி, பழைய வீட்டின் சாயல் கெடாமல் செய்திருக்கிறார். கிணற்றிலிருந்து கைப்பம்பால் தண்ணீர் ஏற்ற இரும்புத் தாங்கியும் வைத்தாயிற்று. இனிக் குழி ஒன்றுதான் பாக்கி. வாளிக் கக்கூஸ் ஒழிய வேண்டும் என்று உனக்கு முதலில் எழுதியவளே நான்தான், அதை மறந்துவிடாதே. கக்கூஸ் எடுக்க வருகிற இருளப்பன் மழையில் அந்த வாளியைத் தலையில் வைத்துப் பின்வழியால் ஏறும்போது அது வழிந்து அவன் கழுத்தில் இறங்குவதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒருத்தன் தலையிலிருந்து இறக்கி ஒரு லயத்தின் வாயில் ஊற்றச் சொல்லியா நான் கேட்டேன்?

நீ கீறி அனுப்பிய படத்தில் குழி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் றோட்டு வேலைக்காரர் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் பீலி. அவர்கள் குடிப்பது, சோறு ஆக்குவது, பிள்ளை குளிப்பாட்டுவது எல்லாம் மலையிலிருந்து குழாயில் விழுகிற அந்த ஒரு தண்ணீரில்தான். பாஸ் ஓர் ஆள் ஆழம் தோண்டிப் பார்த்தார், அடியில் பாறை வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பால் குழித் தண்ணீர் பீலிக்கு இறங்குமோ என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பாப்பம்மாவிடம் சொல்லி லயத்தில் எல்லா வீட்டிலும் முதலே குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கச் செய்துவிட்டு, துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளியில் கரைத்து அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். அன்று மழையும் பெய்தது. மறுநாள் காலையில் பாப்பம்மா பீலியில் பிடித்த ஒரு செம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், தண்ணீர் நீலமாக இருந்தது. நான் செம்பை எடுத்துப் போய்ப் பாஸிடம் காட்டினேன், அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘மழைத் தண்ணின்னா எல்லாம் கலந்துதான்மா வரும், லயத்து ஆக்கள் பழகிருவாங்க’ என்றார். வேதக்காரர், ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை வாங்குகிறவர், இப்படிச் சொல்கிறார். பாஸிடம் குழி வெட்டக் கூலிக்கு நிற்கிற மூக்கையாவிடம், அந்தப் பீலித் தண்ணீரைக் குடிக்கிற நீயே மண்வெட்டியைத் தூக்கலாமா என்று கேட்டேன். ‘நான் வெட்டலேன்னா வேற ஆளு வெட்டுவான்மா, கூலி அவனுக்குப் போகும், தண்ணி எனக்கு வரும்’ என்றான். அவன்மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

குழிக்கு வேறு இடம் இல்லாமல் இல்லை. முன்பக்கம் முழுவதும் ஆழமான செம்மண், அதற்குக் கீழே கைவிட்ட கோப்பிக் காடு, ஒரு வீடும் இல்லை, ஒரு பீலியும் இல்லை. அங்கே மாதா சுரூபம் வைத்த கெபி நிற்கிறது, அவ்வளவுதான் தடை. அதைச் சொன்னதும் பாஸ் சிலுவை போட்டுக்கொண்டு, ‘மாதா நிக்கிற எடத்துல கக்கூஸ் குழியா, என் கை வெளங்காமப் போயிரும்மா’ என்றார். சுவாமியார், மந்திரித்த இடத்தைத் தோண்டலாமா, நன்றாக யோசியுங்கள் என்றார். யோசித்தேன். உன் அப்பா அந்தக் கெபியைக் கட்டியதே நீ நெருப்புக் காய்ச்சலில் பிழைத்ததற்காகத்தான். அந்தக் காய்ச்சல் கெட்ட தண்ணீரால் வந்தது என்று டாக்குத்தர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய், உனக்கு அப்போது நினைவே இல்லை, நான் கேட்டேன். போன மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் டொரதியும் பாப்பம்மாவும் சுரூபத்தைத் தூக்கி ஹோலுக்குள் கொண்டுவந்து வட்ட மேசையில் வைத்தோம். ‘நான் தொடலாமாம்மா’ என்று பாப்பம்மா கேட்டாள், காலைப் பிடித்துத் தூக்கு, கனமாக இருக்கிறது என்றேன். அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதே என் காது கேட்க, ‘மாதாவ வெளியேத்திட்டுக் கக்கூஸ் கட்டுறாளாம் யோசப்பின்’ என்று என்னைப் பற்றி ஒருத்தி சொல்ல மற்றவள் சிரிக்கிறாள். நான் திரும்பிப் போய், வெளியேற்றவில்லை தங்கச்சி, வீட்டுக்குள் அழைத்திருக்கிறேன், வந்து பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதெல்லாம் உனக்கு என்னை முந்தி யாரோ எழுதிவிட்டார்கள். அதனால்தான் உன் கடைசிக் கடிதத்தில், அப்பா கட்டிய கெபியில் கை வைக்கக் கூடாது, முன்வாசலில் குழி இருந்தால் வீடு பார்க்க வரும் கிறேஸின் தகப்பனார் என்ன நினைப்பார், குழி பின்னாலேயே இருக்கட்டும், லயத்துக்காரர் வேறு தண்ணீர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறாய். வேறு தண்ணீர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது. பாப்பம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தோடு தண்டவாளம் தாண்டி ஏறி வர வேண்டும், நீ ஒரு வரியில் ஏறிவிட்டாய். பெரிய மனிதர் மூக்குக்குப் பயப்படுகிறாய், அந்தப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் பயம் வரவில்லை. வீடு உன் பெயரில் இருப்பதால் பாஸ் என் பேச்சை எடுப்பதில்லை. நேற்று ஆட்களோடு வந்தார். நான் சாப்பாட்டுக் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்துக்குள் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ‘எழும்புங்கம்மா, ஆக்கள் பாக்குறாங்க’ என்றார், பார்க்கட்டும் என்றேன். ‘தம்பிட வாயால மாத்தச் சொன்னா நான் மாத்துறன், நீங்க சொல்லி மாத்த ஏலாது’ என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கும் வருவார். நாளைக்கும் உட்காருவேன். மழையில் எத்தனை நாள் என் முழங்கால் தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

கிறேஸை வெயிலில் அலைய விடாதே, கப்பலில் வரும்போது குளிருக்குக் கம்பளி எடுத்துக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. தேவமாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும், நல்ல பிள்ளைச் செல்வம் தரட்டும். இந்தக் குழியைப் பற்றி இதற்கு முன்னும் இரண்டு கடிதத்தில் கேட்டேன், நீ ஒரு தடவை கல்லின் நிறத்தைப் பற்றியும் ஒரு தடவை குழாயின் மினுக்கத்தைப் பற்றியும் பதில் எழுதினாய். இந்தத் தடவை அப்படித் தப்ப விடமாட்டேன். கெபி இருந்த இடத்தில் வெட்டு என்று பாஸுக்குத் தந்தி அடி. அதற்கு மனம் இல்லையென்றால், லயத்துப் பிள்ளைகள் எங்கள் மலத்தண்ணீரைக் குடிக்கட்டும் என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. பாப்பம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அம்மா,
யோசப்பின் சுவக்கின்