சிக்னல் பாறை

அக்கா,

சற்று முன் கைப்பேசி மணியடித்து, "இன்று மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. என்னை அப்படிக் கேட்க இப்போது அது ஒன்றுதான் மிச்சம். கீழே அந்தச் சிவப்புப் பொத்தானில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

உயிர் வேண்டாமென்று துணிந்து, பிழைத்துக்கொண்ட நாம் இருவரும் தருமபுரி ஆஸ்பத்திரிப் பெஞ்சில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கவுன்சிலர் பெண் இந்தச் செயலியை என் போனில் ஏற்றிவிட்டு, "மனசு தாங்காதப்ப இத அழுத்துங்கண்ணா, நெருக்கமானவங்களுக்குப் போன் போயிரும். யார் நம்பர் போடட்டும்?" என்றாள். மனைவி போன பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?

"என் நம்பரப் போடும்மா. எனக்கு இந்தத் தம்பி நம்பரப் போடு" என்றீர்கள்.

"உங்க வூட்டுக்காரர் இருக்காருல்லக்கா?"

"அவருகிட்ட பேசறதும் செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணு!"

சித்தேரியில் உங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும். நான் அழுத்தினால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். சாயங்காலம் ஆடுகளை அடைத்துவிட்டு மேலே வந்ததும், நான் கூப்பிட்டது தெரிந்து, மூச்சு வாங்கப் பேசுவீர்கள். "தம்பி, சோறு தின்னயா? மொதல்ல தின்னு. சாவறதப் பத்தி அப்பறம் பேசலாம்." தின்றுவிட்டு வந்தால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழாது. நீங்கள் பொத்தானை அழுத்திய நாட்களில் கேட்டுக்கொண்டிருப்பது என் முறை.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. நாம் பயந்தது அதற்கல்ல. எனக்குக் கோபம்தான் வருகிறது. என்னை இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் போனது என்ன நியாயம்?

"வேற நம்பர் குடுங்கண்ணா" என்கிறாள் அந்தக் கவுன்சிலர் பெண். நான் கொடுக்கவில்லை. நேற்று அறைக்குள் இருக்கவே முடியவில்லை. பொத்தானை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பழகிய குரல்தானே, நீங்கள் பாறை ஏறிக்கொண்டிருப்பதாகவே மனம் எடுத்துக்கொண்டது. காத்திருந்தேன்.

போன் அடித்தது. உங்கள் பெயர். எடுத்தால் அதே மூச்சு வாங்கல்.

"தம்பி, அவ வூட்டுக்காரன் பேசறேன்."

அப்புறம் வெறும் காற்றுச் சத்தம். நீங்கள் சொன்ன சுவர்தான். வைத்துவிட்டாரோ என்று நினைத்தபோது மெல்லச் சொன்னார்: "வூட்ல இருக்க முடியல. அவ ஏறி வர்ற நேரத்துக்கு நானும் அவ போன எடுத்துக்கிட்டு தெனம் வந்து ஒக்காந்துக்கறேன். எதுக்குன்னே தெரியல."

உங்கள் வார்த்தைதான் வாயில் வந்தது.

"சோறு தின்னீங்களா மாமா?"

"இல்ல."

"மொதல்ல போய்த் தின்னுங்க. நாளைக்கும் ஏறி வாங்க, நான் கூப்புடறேன்."

இதோ, வெயில் இறங்கிவிட்டது. மாமா பாறை ஏறிக்கொண்டிருப்பார். காலையில் வடித்த சோறு இன்னும் அப்படியே இருக்கிறது. தட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அக்கா. நான் தின்னாமல் எந்த வாயால் அவரைக் கேட்பது?