கோட்டுக்குக் கீழே

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? இந்தத் தடவையும் உன் தம்பி அழுமூஞ்சியாகத்தான் எழுதுகிறான், பொறுத்துக்கொள்.

ஒன்றுமே வரவில்லை அக்கா. முதல் கவிதைத் தொகுப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. பதிப்பாளர் எங்கே பார்த்தாலும் "அடுத்தது எப்பப்பா?" என்கிறார். "ஆயிட்டே இருக்கு சார்" என்று பல்லிளிக்கிறேன். விடியற்காலையில் நடந்து பார்த்தேன். பூங்காவில் உட்கார்ந்து பார்த்தேன். மழையில் நனைந்தும் பார்த்தேன், ஜலதோஷம்தான் பிடித்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தபாலுக்கு எண் போடுகிறவனுக்குக் கவிதை எங்கிருந்து வரும்? எழுதவில்லை என்றால் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே அறையில் தினமும் எவ்வளவு பேரைப் பார்க்கிறாய்! விரலில் இறுகிப்போன மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினாரே ஒரு பெரியவர், நீ எழுதிய அதை வைத்துத்தான் கடைசியாக ஒரு கவிதை எழுதினேன். அந்த மாதிரி எழுதி அனுப்பேன். வீட்டு விஷயத்தை மேலே எழுது. ஒரு கோடு போட்டுவிட்டு, எனக்கானதைக் கீழே எழுது.

உன் தம்பி,
புலவன்


பிப்ரவரி 20

அன்புள்ள புலவருக்கு,

ஊரில் எல்லாத் தம்பியும் அக்காவிடம் துணிமணி கேட்பான். நீ கவிதைக்குச் சாமான் கேட்கிறாய். வேளாவேளைக்குச் சாப்பிடு, அது போதும் எனக்கு.

அத்தானுக்கு முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. "நாளைக்கு ஆள் வர்றான்" என்று அவர் தினமும் சொல்கிறார். எனக்குத்தான் இருமல் விட்டபாடில்லை.

————

ஒரு அம்மா, நெஞ்சுப் படம் எடுத்து முடித்ததும், "நல்லா சிரிச்சேனா?" என்று கேட்டார்.

கை உடைந்து வந்த லாரி டிரைவர், "இது வேணாங்க, அந்தக் கைய எடுங்க, அதான் பார்க்க நல்லா இருக்கு" என்றார்.

படத்தில் என்ன தெரிந்தாலும் எங்கள் முகத்தில் தெரியக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதனால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆவேன்! "நல்லா சிரிச்சேனா?" கவிதையாகிவிட்டது. உண்மையைச் சொல்லட்டுமா? உன் கடிதம் வந்தால் முதலில் கோட்டுக்குக் கீழேதான் கண் போகிறது. மேலே இருப்பதை அப்புறம் சாவகாசமாகப் படிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கனமாக ஏதாவது எழுதி அனுப்பு. ஒரு நல்ல கவிதை வந்துவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன்.

புலவன்


மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

மேலே எழுத ஒன்றும் இல்லை.

————

எக்ஸ்ரே எடுக்கிற ஒரு பெண். இருமல் நிற்கவில்லை என்று அவளே போய் இயந்திரத்தின் முன் நின்றாள். கூட வேலை செய்கிறவள் உள்ளே இருந்து, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். இத்தனை வருஷமாக எல்லோருக்கும் தான் சொன்னதை அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தவள் திரையைப் பார்த்தாள். பார்த்தவள், மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள். இவள் பிடித்த மூச்சோடு நின்றுகொண்டே இருந்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா


மார்ச் 24

அக்கா, அக்கா!

விடச் சொல்ல மறந்துவிட்டாள்! அதைப் படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். எத்தனை காலத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா? கவிதையில் அவளைச் சாக விட்டுவிட்டேன். இல்லையென்றால் கடைசி வரி நிற்கவில்லை.

அந்தப் பெண் அப்புறம் என்ன செய்தாள்? அழுதாளா? கையை எங்கே வைத்துக்கொண்டாள்? இன்னொரு கவிதைக்கு ஆகும். சீக்கிரம் எழுது.

உன் புலவன்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அந்தப் பெண் நான்தான்.

கோட்டுக்குக் கீழேதான் முதலில் படிப்பேன் என்று சொன்னாயே, அதனால் அங்கே எழுதினேன். படித்ததும் தெரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நுரையீரலில் கட்டி. நல்ல கட்டி இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா. அத்தான் எதிரில் அழ முடியவில்லை, அவர் என்னைவிட மோசமாக இருக்கிறார்.

அந்தப் பெண் அழவில்லை. கையை எங்கே வைத்துக்கொண்டாள் என்று ஞாபகம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 9

என் அக்காவுக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால் பிரிவில் அப்படியே நின்றேன். என் நாற்காலி, என் மேஜை, என் பெயர் எல்லாம் யாருடையதோ போல் இருந்தன. உன் நெஞ்சில் விழுந்த நிழல் அக்கா, என் மேல்தான் விழுந்திருக்கிறது. சின்ன வயதில் இருட்டில் என் கையைப் பிடித்து நடத்தியவள் நீ. இன்றைக்கு அந்த இருட்டு உனக்குள்ளே போய்விட்டது. நான் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு வரி வந்தது. எழுந்து போய் எழுதி வைத்தேன். நான் என்ன பிறவி அக்கா? அந்தக் கவிதையை நிறுத்தச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினேன். அச்சாகிவிட்டதாம்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தான் படித்துவிட்டு, "உன் தம்பி எப்படி எழுதியிருக்கான் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் 'கட்டி' என்று எழுதி, அதை அடித்துவிட்டு 'நிழல்' என்று போட்டிருக்கிறாய். அங்கேயே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது நான்தான் என்று எழுதிப் போட்டபோது, பதில் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏறினால் விடிவதற்குள் இங்கே இருப்பாய். பால்காரர் மணி அடித்தபோதெல்லாம் நீதான் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஓட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இருந்தாலும் ஓடினேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். இப்போது வராதே. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், நான் எப்படிப் படுத்திருக்கிறேன், என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது. உன் மேல் கோபம் இல்லை. வலிக்கிறபோது நான் கத்த வேண்டும், யாரும் அதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடாது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா