கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா தேடிய வாரம்

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து மழை. சிட்லபாக்கம் முழுக்கச் சேறு. துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

கொள்ளுத்தாத்தா ஜேம்ஸ் ஹார்வியின் கல்லறைக் கல், மரம் விழுந்து உடைந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்குள் புதுக்கல் வைத்தாக வேண்டும். ராஜன் அண்ணன் நாவலூரிலிருந்து போன். "கேப்டன் ஹார்வியின் மகன்னு இங்கிலீஷ்ல போடு. வெள்ளைக்கார ரத்தம், சும்மாவா?" அண்ணன் என்னைவிடக் கறுப்பு. சொன்னால் கோபம் வரும். சொன்னேன். வந்தது.

ஆதாரம் இல்லாமல் கல்லில் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழைய சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை லீவு போட வேண்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

பல்லாவரம் வரை டிரெயின். சர்ச் ஆபீஸில் ஒரே தும்மல். கிளார்க் டேவிட் சார் டீ வாங்கித் தந்தார். "மெதுவாப் புரட்டுங்க மேடம், பேப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கிடும்."

கிடைத்தது. சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்து. குழந்தை: ஜேம்ஸ். தாய்: சின்னம்மாள், பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் அறுப்பவள். தகப்பன்: வெறும் கோடு.

ஹார்வியும் இருக்கிறார். ஆனால் அதே வரியின் கடைசிக் கட்டத்தில், ஞானத்தகப்பனாக. கேப்டன்கூட இல்லை, சார்ஜெண்ட். ஞானத்தகப்பன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது எங்களில் இன்றும் உண்டு. கிரேஸ் என்ற என் பேரே ஞானத்தாயின் பேர்தான். ஞானஸ்நானத்தின்போது பக்கத்தில் நின்ற மனிதரை, தலைமுறை தலைமுறையாக அப்பாவாக்கி வைத்திருக்கிறோம். ஆபீஸில் சிரிப்பு வந்தது. டிரெயினில் அழுகை.

அக்டோபர் 25, சனி

அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார்.

"அந்த ஹார்வியே அப்பாவா இருந்து மறைச்சிருக்கலாம்ல?"

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைக் கல்லில் எழுத முடியாது.

"பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கேன், கிரேஸ். அப்பன் பேர் தெரியாத குடும்பம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அதுக்காக ஓடுற சம்பந்தம் இப்பவே ஓடட்டும்."

சின்னம்மாள் பயந்திருப்பாள். ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாளே. இத்தனை பேர் அவள் வயிற்றிலிருந்து வந்தோம், ஒருத்தருக்கும் அவள் பேர் தெரியாது. வெட்கம் அதற்குத்தான் வர வேண்டும்.

அண்ணன் சாப்பிடாமலே போய்விட்டார். வஞ்சிர வறுவல் வீணாகவில்லை. நானே தின்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

தாம்பரம். கல் வெட்டும் பாபு.

"அப்பா பேரு இன்னாக்கா?"

"அப்பா பேர் வேணாம். சின்னம்மாளின் மகன்னு வெட்டு. தமிழ்லயே."

"அப்டி யாரும் போட மாட்டாங்கக்கா."

"நீ போடு."

வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, சம்பங்கி, சுண்ணாம்பு. முழங்கால் வலிக்குத் தைலம்.

நவம்பர் 2, ஞாயிறு

நல்ல வெயில். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கூட்டம். அண்ணன் வந்தார், கேட் பக்கமே நின்றார். அப்பாவின் தங்கை ரோசி அத்தை புதுக்கல்லைப் படித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"ஏன்டி, அப்பன் பேர் தெரியாதவன்னு கல்லுலயே எழுதி வெச்சிட்டியே?"

"அம்மா பேர் தெரிஞ்சவர்னு எழுதியிருக்கேன் அத்தை. சுத்தி இத்தனை கல்லு இருக்கே, எதுலயாவது ஒரு அம்மா பேர் இருந்தா காட்டுங்க."

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார். நான் மெழுகுவர்த்தி எல்லாம் ஏற்றி முடித்தபோதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.