செங்கல் வைத்துத் திறந்திருந்த கதவு

அனுப்புநர்:
சமூகக் கூடத்து மாடி அறையில் கதவோரம் உட்காருபவள்,
துணி ஆலைக்குப் பின்தெரு,
மூன்றாவது வீட்டின் மேல்தளம்.
(பெயரும் கைப்பேசி எண்ணும் உறையின் பின்பக்கம் உள்ளன.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சமூகக் கூடத்தின் மாடி அறைப் பூட்டை எடுத்து, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மீண்டும் அனுமதி கேட்டல், படிவத்தில் எழுதிய பொய்யை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. எனக்குப் பதினேழு வயது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு முறை தங்கள் அலுவலக வாசற்படி வரை வந்தேன். காவலாளி "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் "ஒண்ணுமில்லைண்ணா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். இது நான்காவது தாள்; முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன்.

2. இரண்டு வருடங்களுக்கு முன் துணி ஆலையின் மூன்றாம் தளத்தில் தீப்பிடித்தது. நான்கு பெண்கள் இறந்தார்கள். என் அக்கா ஜன்னல் வழியாகத் தப்பி வந்தாள். அன்றிலிருந்து கதவு மூடிய இடத்தில் அவளால் இருக்க முடியாது. அவள் குளிக்கும்போதும் கதவு திறந்திருக்கும். வெளியே நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பகலில் அவளோடு ஒருவர் இருக்க வேண்டும் என்பதால்தான் என் படிப்பு நின்றது. இதை அவள்மேல் குறையாக எழுதவில்லை.

3. ஆலைக்கு விடுமுறையான வியாழக்கிழமைகளில் பதினாறு பெண்கள் மாடி அறையில் கூடுவோம். சுகாதார நிலையத்து நர்ஸக்காவும் வருவார். வட்டமாக உட்கார்ந்து, தூக்கம் வராததையும், கை நடுங்குவதையும், சூப்பர்வைசர் பேசிய பேச்சையும், இறந்தவர்களையும் பற்றிப் பேசுவோம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தொட்டால் போதும், முறை அவருக்குப் போய்விடும். கேட்டதை வெளியே பெயரோடு சொல்வதில்லை. அதனால் இந்த மனுவிலும் பெயர்கள் இல்லை. எழுதியிருப்பவற்றைக்கூட அவரவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

அந்த அறையின் கதவு தானாக மெதுவாக மூடிக்கொள்ளும் வகை. அக்காவுக்காக ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, பக்கத்தில் நான் உட்காருவேன். அதுதான் என் வேலை. ஒன்றரை வருடமாக அங்கே நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசச் சொல்லி யாரும் நச்சரித்ததுமில்லை.

4. அறை கேட்கும் படிவத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'தையல் பயிற்சி' என்று எழுதியது என் கை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். எங்களில் மூத்தவரான, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெரியம்மா சொன்னார்: "மனசு சரியில்லைன்னு எழுதினா நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டாங்க. தையல்னு போடு கண்ணு. நமக்குத் தெரிஞ்சதே அதுதானே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் எழுதினேன். தவறுதான்.

5. ஐந்து வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, அக்கா முதல் முறையாக அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "நாலு மணி இருக்கும். நான்தான் கதவுகிட்ட முதல்ல போனேன்" என்று சொன்னாள். அதுவரைதான் சொன்னாள். நகராட்சியிலிருந்து ஆய்வுக்கு வந்த அலுவலர் ஐயா உள்ளே நுழைந்தார். கால் தடுக்காமல் இருக்கச் செங்கல்லைச் செருப்பால் ஓரமாகத் தள்ளினார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"மெஷின் எங்கே? தைச்சதைக் காட்டுங்க" என்றார்.

பெரியம்மா தன் ரவிக்கைக் கையை நீட்டி, "இதோ சார், நான் தைச்சதுதான். கழட்டித்தான் காட்டணுமா?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. அக்கா அலறினாள்.

கதவு மூட ஐந்தாறு நொடியாவது ஆகும். எட்டிப் பிடித்திருக்கலாம். புது ஆள் முன்னால் எழுந்திருக்கக் கூச்சப்பட்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

6. 'பயிற்சி நடைபெறவில்லை, பெண்கள் வம்பு பேசிக் கூச்சலிட்டனர்' என்று அறிக்கை எழுதி, அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பூங்காவில் கூடிப் பார்த்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஆலை சூப்பர்வைசர் வந்து உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தோம். அக்கா இப்போது வீட்டை விட்டு இறங்குவதில்லை. வாசலில் நின்று கதவை ஆட்டி ஆட்டிப் பார்க்கிறாள். இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது தாளை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

7. தீ விபத்து விசாரணை அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. மூன்றாம் தளத்துக் கதவு திறந்துதான் இருந்தது, பெண்கள் பதறி முட்டிக்கொண்டார்கள் என்று ஆலை நிர்வாகம் சொல்கிறது. அது வெளியே பூட்டியிருந்தது என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்துத் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் என் அக்கா ஒருத்திதான். பழகிய பதினைந்து பேர் நடுவில் சொல்ல முடியாவிட்டால், கோட்டு போட்டவர்கள் நடுவில் அவள் எப்படிச் சொல்வாள்? இடையில் இரண்டு வியாழக்கிழமைகள்தான் இருக்கின்றன.

8. ஆகவே பூட்டை எடுக்கவும், அறிக்கையில் 'வம்பு', 'கூச்சல்' என்ற சொற்களை அடிக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொய் எழுதியதற்குத் தண்டனை உண்டென்றால் அது எனக்கு மட்டும் இருக்கட்டும். புதுப் படிவம் இத்துடன் இருக்கிறது. நோக்கம் என்ற இடத்தில் 'நடந்ததைச் சொல்லிப் பார்ப்பதற்கு' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தின் கீழே பதினைந்து பேர் முழுப் பெயரோடு கையெழுத்திட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. பதினாறாவது வரி அக்காவுக்காகக் காலியாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் கேட்க நானே வருவேன். காவலாளி அண்ணன் என்ன வேண்டும் என்று கேட்டால், இந்த முறை "மாடி ரூம் சாவி வேணும்ண்ணா" என்று சொல்லிவிடுவேன்.

நாள்: வெள்ளிக்கிழமை, பூட்டுப் போட்ட ஐந்தாம் வாரம்
இடம்: வீட்டு வாசல், அக்காவின் பக்கத்தில்

இப்படிக்கு,
(கையெழுத்து)
கதவோரம் உட்காருபவள்