ஒரு தோட்டத்துக்கு ஒரு கடுதாசி

ஹட்டன்
புதன்கிழமை

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதுறது. மாரியம்மா புண்ணியத்துல நானும் அம்மாவும் இங்க நல்லாத்தான் இருக்கோம், மழை இருட்டுனா மட்டும் அம்மாவுக்கு முட்டி வலி வந்து எட்டிப் பாத்துட்டு போகுது. மெல்பேர்ன்ல நீயும் மாப்பிள்ளை நிரஞ்சனும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு வெளக்கு ஏத்துறப்ப எல்லாம் அம்மா சொல்லிக்கிட்டுதான் இருக்கா. இத போன்லயே சொல்லலாம், ஆனா நான் ஒண்ண ஆரம்பிச்சா நீ வேலைக்கு நேரமாச்சுப்பான்னு வச்சிருவ. இது பாதியில விடுற சமாச்சாரம் இல்ல, உக்காந்து முழுசா படி.

நீ லீவுல வந்திருந்தப்ப நம்ம கண்ணாடிக் கடை இருந்த நெலம ஒனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல அந்தப் பெரிய கடை தொறந்ததுல இருந்து இங்க ஈ கூட வரல. கடைய மூடிட்டு உங்ககிட்டயே வந்துர்றோம்னு நாந்தான் சொன்னேன். நீதான் விடல. கண்டியில இருந்து கண் டொக்டர் ஒரு ஞாயித்துக்கிழமை வர்றேன்னாரு, கூட்டம் சேந்தா மாசாமாசம் வருவாரு, சேரலன்னா அதோட சரின்னாரு. அந்த ஒரு நாள பாப்போம், ஆள் வரலன்னா சாவிய குடுத்துட்டு கெளம்புங்கன்னு நீ சொன்ன. அம்மா அப்பவே ஆட்டுக்கல்ல யாருக்குக் குடுக்கிறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டா.

அப்ப நீயும் கடையில வேல செய்யிற சுதர்ஷினியும் தகரப் பெட்டியில கெடந்த என் பழைய கண் டெஸ்ட் கார்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களே, நான் எவ்வளவு நக்கல் அடிச்சேன், கண்ணு தெரியாதவங்க பேர கண்ணு கெடுத்துக்கிட்டு அடிக்கிறாங்கன்னு. இப்ப சொல்றேன், அந்த நக்கல வாபஸ் வாங்கிக்கிறேன். நீ போன பொறகு சுதர்ஷினி ஒரு பட்டன தட்டுனா, ரெண்டு வருசமா கடப் பக்கம் வராதவங்க எல்லாம் வரிசையா வந்து நிக்கிறாங்க. இன்னொண்ண தட்டுனா நாப்பது வயசு தாண்டினவங்க, இன்னொண்ணுக்கு ரத்தத்துல சீனி கூடுன வருத்தக்காரங்க. யம்மாடி, எனக்கு மேலு புல்லரிச்சுப் போச்சு. இத்தன வருசமா எனக்கு ஞாபகசக்தி இருக்குன்னு பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன், ஆனா ஆள் வாசல்ல வந்து நின்னாத்தான் எனக்கு ஞாபகம் வரும். இந்தப் பொட்டிக்கு வராத ஆளயும் தெரியுது. சிவனொளிபாத மலைக்கு சனம் போற சீசன்ல நல்லதண்ணியில கடை போட்டிருந்த மனுசன், கொத்மலையில தையல் தைக்கிற அம்மா, நான் மறந்தே போன மொகம் எல்லாம் அதுக்குள்ள பத்திரமா உக்காந்திருக்கு. மெல்பேர்ன்ல பேரு லிஸ்ட்ட வச்சு நீ செய்யிற உத்தியோகம் இதுதானான்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்கிச்சு.

அந்த ஞாயித்துக்கிழம கண் டெஸ்டுக்கு வாங்கன்னு அவங்களுக்கெல்லாம் பேர் போட்டு கடுதாசி அனுப்பப் போயி நடந்த கூத்தக் கேளு. ஒரு வெலாசத்துக்கு ஒரு கடுதாசி போதும், இல்லாட்டி ஒரே வீட்டுக்கு மூணு நாலு போய் முத்திர வீணாகும்னு நீ எழுதி அனுப்பியிருந்தல்ல? சுதர்ஷினியும் அப்படியே செஞ்சா. ஆயிரத்துச் சொச்சம் பேரு இருந்தது சின்னக் கட்டா சுருங்கிப் போச்சு. முத்திரக் காசு மிச்சம்னு எனக்கு ஒரே குஷி. மூணு பேருல ஒருத்தருக்காவது ஒறைக்கல பாரு! டவுன்ல பொறந்த ஒனக்குத் தெரியல சரி, தோட்டத்து லயத்து வீட்டுலயே பொறந்து வளந்த எனக்கு என்ன கேடு? தோட்டத்துல வீட்டுக்கு ஏது நம்பரு, பேரு, டிவிசன், தோட்டம், டவுன், அவ்வளவுதான். நூறு குடும்பத்துக்கும் ஒரே வெலாசம். அந்த மெஷினு முழு டிவிசனயும் ஒரே வீடுன்னு நெனச்சு, ஆளுக்கு ஒண்ணு போக வேண்டியத தோட்டத்துக்கு ஒண்ணுன்னு ஆக்கிருச்சு. அது தெரியாமலே நாங்களும் போஸ்ட் பண்ணிட்டோம்.

ஞாயித்துக்கிழம விடிய ஒரே மூடுபனி. டொக்டர் வந்து டெஸ்ட் மெஷின பூட்டி ரெடி பண்ணிட்டு உக்காந்துட்டாரு. ஒரு ஈ, எறும்பு இல்ல. அவரு வாச்ச பாக்க, நான் வாசலப் பாக்க, அம்மா என்னப் பாக்க, சரி, முடிஞ்சுதுன்னு என் மனசு விட்டுப் போச்சு. ஒனக்குப் போன் பண்ண கையில எடுத்துட்டேன். அந்நேரம் ஒரு வேன் வந்து நிக்கிது, திம்புள்ள பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க, உள்ள வரக்குள்ளயே சத்தம். முன்னுக்கு நம்ம சின்னத்தம்பி அண்ணே, மொகம் எல்லாம் செவந்து போய். பதினஞ்சு வருசமா ஒங்க கண்ணாடியத்தானே போடுறேன், எங்க தோட்டத்துல அழகம்மாவுக்கு மட்டும் பேர் போட்டு கடுதாசி, நான் என்ன வேண்டாதவனான்னு கேட்டாரு. பின்னால நின்ன அத்தன பேருக்கும் அதே கோவம், கல்யாணத்துக்குப் பத்திரிக வைக்காம விட்ட மாதிரி. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுல கணக்கப்பிள்ளை அழகம்மா பேர சத்தமா வாசிச்சுக் குடுத்திருக்காரு. நம்ம சனத்துக்கு கடுதாசி வந்தா பேங்கோ கோர்ட்டோதானே, அவ பயந்துபோய் படிக்கச் சொல்லி, படிச்சதும் வீடு வீடா காட்டியிருக்கா. மத்தவங்க தோட்ட ஆபீசுக்குப் போய் எங்க கடுதாசிய எங்க ஒளிச்சு வச்சீங்கன்னு கிளாக்கரோட சண்ட. பாவம் அந்த மனுசன்!

என்ன சண்டன்னு டொக்டர் சிங்களத்துல கேட்டாரு, சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. வந்தது வந்தாச்சு, உக்காரச் சொல்லுங்கன்னாரு. அப்பறம் தலவாக்கலையில இருந்து, கொத்மலையில இருந்து, ஒரு கடுதாசிக்குப் பின்னால பத்துப் பேரு, இருவது பேரு. லைட்டு போட்ட பொறகும் டெஸ்ட் நடந்துச்சு. சண்ட போட வந்த சின்னத்தம்பி அண்ணனுக்குக் கண்ணுல பிரஷராம், இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தா பார்வையே போயிருக்குமாம். ஒரு பேர காயிதத்துல அச்சடிச்சு அனுப்புனா அது ஒரு மனுசன் கண்ண காப்பாத்துமா ஜெயந்தினி? எனக்கு இன்னமும் நம்ப முடியல. டொக்டர் இனி மாசாமாசம் வர்றாரு. அம்மா அன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்திக் குடுத்துட்டு, அடுத்த மாசத்துக்கு டம்ளர் பத்தாதுன்னு மட்டும் சொன்னா. ஆட்டுக்கல் பேச்சே இல்ல.

திங்கக்கிழமையே ஒரு போன் கடக்காரன் வந்து அந்தப் பேரு எல்லாத்தையும் வெலைக்கு குடுங்கன்னு கேட்டான். கண்ணப் பாருங்கன்னு நம்பித் தந்த பேருடா, ஒனக்கு போன் விக்கவா தந்தாங்கன்னு கேட்டு அனுப்பிட்டேன். நீயும் அங்க லச்சக்கணக்குல பேரு வச்சிருக்கியாமே, பாத்து நடந்துக்க. வேலை வேலைன்னு சாப்பிடாம கெடக்காத. மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு. நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, தொட்டதெல்லாம் வெளங்க வாழணும்னு அம்மாவும் நானும் ஆசிர்வாதம் பண்றோம்.

ஒண்ணே ஒண்ணு, மறந்துறாத. அன்னைக்குக் கடைசியாப் போனது அழகம்மா. அவ கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, அதே கண்ணாடி போதும்னு டொக்டர் சொன்னதும் அவ மொகம் வாடிப் போச்சு. வெளிய வந்து மெதுவா கேட்டா, கண்ணு நல்லா இருந்தா இனி கடுதாசி வராதாங்கய்யான்னு. அறுவது வயசுல அவ பேருக்கு வந்த மொத நல்ல கடுதாசியாம் அது. வரும்மா, வருசா வருசம் வரும்னு சொல்லிட்டேன். தேவையில்லாத ஆள்னு அந்த மெஷினு அவ பேரத் தூக்கிறாம இருக்க என்ன செய்யணும்னு சுதர்ஷினிக்கு எழுதிப் போடு. அவளுக்கு அனுப்ப இங்க ஆள் இருக்கணும்ல, எங்களுக்கு எடுக்கிற அந்த விசா வேலைய நிறுத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரய்யா