அப்பாவின் கட்சியையும் நானே பேசினேன்

என் வாசுகி அக்காவுக்கு,

பெரியம்மா மகளான நீ என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள். அதற்காக என்னை அடித்து மிரட்டி அக்கா என்று கூப்பிட வைத்தாய். இன்றைக்கு நானே ஆசையாக எழுதுகிறேன், அக்கா. பன்னிரண்டாம் வகுப்புப் பரிட்சைக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்துவிட்டேன். மொழிப்பாடம் ஜெர்மன்!

செங்கல்பட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அதைப் படித்தோம். அப்பாவுக்குக் கால் முறிந்ததும் நான் பத்தாவதோடு நின்று, மாமல்லபுரத்தில் எங்கள் சங்குக் கடையில் உட்கார்ந்தேன். நீ மேலே படித்தாய். மேல்வகுப்பில் ஜெர்மனில் விவாதம் செய்யச் சொன்னார்கள். எதிர்த்துப் பேசிப் பழக ஆள் தேடி என்னிடம் வந்தாய். தமிழிலேயே வாய் திறக்காத என்னிடம்!

உங்கள் வகுப்பு விதி விசித்திரமானது. எதிராளி சொன்னதை முதலில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், அதைத்தான் சொன்னேன்' என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மறுக்கலாம். கடற்கரையில் கடைகளே கூடாது என்று ஒருநாள் நீ பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வந்த கோபத்தில் விதி பறந்துவிட்டது. ஜெர்மன் மட்டும் நிற்காமல் வந்தது.

"இன்னாடி, ஊமக்கோட்டான் இந்தக் கத்து கத்துது!" என்று மணலில் உருண்டு சிரித்தாய்.

நீ காய்ச்சலில் போன பிறகு உன் புத்தகங்களைப் பெரியம்மா எனக்குக் கொடுத்தார்கள். கடையில் வைத்தே படித்தேன். பரிட்சை எழுதுகிறேன் என்றதும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"வெள்ளக்காரங்களுக்கு வெல சொல்ற அளவுக்குப் பேசறியே. அப்புறம் இன்னாத்துக்குப் பரிட்சை? இந்தக் கால் வலியோட சீசன் யாவாரத்த நான் ஒண்டியா பாக்க முடியுமா?"

முன்பென்றால் குனிந்து சோழியைக் கோத்துக்கொண்டிருப்பேன். அன்று உங்கள் விதிப்படி ஆரம்பித்தேன்.

"உனக்குக் கால் வலி. சீசன்ல நான் படிக்கக் குந்திக்கினா யாவாரம் படுத்துடும். பெயிலாயிட்டா ஊரு சிரிக்கும். அதானப்பா?"

கடைசிப் பயத்தை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே இல்லை. மெல்லத் தலையாட்டினார்.

"மத்தியானம் ஈ காக்கா வராது, அப்ப படிக்கிறேன். பெயிலானா மறுபடி எழுதறேன். வெல மட்டுமே சொல்லிச் சொல்லிச் சலிச்சுப் போச்சுப்பா. எனக்கு அந்த பாஷைல கத படிக்கணும், காலேஜுக்குப் போவணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இன்னாம்மே இது, என் கட்சியையும் அவளே பேசிட்டா. நான் இன்னாத்தப் பேசறது?"

"தோத்துட்ட இல்ல? நாளைக்கே செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போய் எழுதிக் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

விண்ணப்பித்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் கேசட் பாட்டையும் மீறி, "எம் பொண்ணு ஜெர்மன் எழுதறா" என்று அப்பா பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால் அன்றைக்கு யார் பக்கம் பேசியிருப்பாய்? நிச்சயம் அப்பா பக்கம்தான். என்னைச் சுலபமாக ஜெயிக்க விட்டுவிடுவாயா?

கல்லூரிக்குப் போவேன், அக்கா. முகம் தெரியாதவர்கள் முன்னால் எழுந்து நிற்பேன். குரல் நடுங்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன்.

உன் எதிர்க்கட்சித் தங்கை,
பூங்கொடி